லாக்ஸ்டன்: ஊரே வரப்பைக் காக்கும் கிராமம்



சிவில் பையன் கட்டுரை எழுதினால் சிமெண்ட், கம்பி, காங்கிரீட் இதைத் தாண்டி என்ன எழுதிவிடப் போகிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் காங்கிரீட் கிடையாது. இருப்பது வெறும் மண், அதுவும் களிமண். இங்கிலாந்தில் ஒரு பழைய கிராமத்து வயல். நம் ஊர் வயலில் ஆரம்பித்து அங்கே போவோம்.

போன வருஷம் சர்வே பிராக்டிகல் முடித்த கையோடு லீவுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு வரப்புத் தகராறு. நான் அரை டிரவுசர் போட்ட காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா என்னைப் பார்த்ததும், "நீதான் சர்வே படிக்கிறியே, வந்து அளந்து சொல்லு" என்றார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அப்பாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். வரப்பு எங்கள் பக்கம் ஒன்றரை அடி நகர்ந்திருந்தது. தெருவில் நின்றுகொண்டே பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. சிரித்துவிட்டு, "ஏன்டா தம்பி, டேப்பு உன்னுது, அந்த முனையைப் பிடிச்சது உங்கப்பன். இதை நான் எப்படிடா நம்புறது?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அளவு சரி, நம்ப ஆள் இல்லை! எந்த சர்வே புத்தகத்திலும் இந்தப் பாடம் வரவில்லை. காலேஜ் திறந்ததும் நூலகத்தில் நில அளவையின் வரலாறு பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் லாக்ஸ்டன் என்ற பெயர் கண்ணில் பட்டது. நான் அந்த ஊருக்குப் போனதில்லை. படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். ஆனால் பெரியப்பாவின் கேள்விக்குப் பல நூறு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர் அது என்று எனக்குப் பட்டது.

எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்ஹாம்ஷயர் என்று ஒரு மாவட்டம். ராபின் ஹுட் கதையில் வரும் ஷெர்வுட் காடு அங்கேதான். அந்தப் பக்கத்தில், சில நூறு பேர் மட்டுமே வாழும் சின்ன ஊர் லாக்ஸ்டன். 1086-ஆம் ஆண்டு, இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னன் நாடு முழுக்க எந்த ஊரில் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், யார் சொந்தக்காரர் என்று கணக்கெடுத்தானே, 'டூம்ஸ்டே புத்தகம்' என்ற அந்தப் பதிவேட்டிலேயே இந்த ஊர் இருக்கிறது.

ஊரின் வடக்கே ஒரு மண்மேடு. அது பழைய கோட்டை. 'மோட் அண்டு பெய்லி' என்பார்கள். செயற்கையாகக் குன்று மாதிரி மண்ணைக் குவித்து, அதன் மேல் காவல் கட்டடம், கீழே அகழி சூழ்ந்த முற்றம். 12-ஆம் நூற்றாண்டில் ஷெர்வுட் காட்டின் காவல் பொறுப்பை வைத்திருந்த குடும்பத்தார் இங்கே இருந்தார்கள். இன்று கட்டடம் இல்லை, மண் வேலை மட்டும் நிற்கிறது. ஊர் நடுவே புனித மைக்கேல் தேவாலயம், ஒரு விடுதி, தெருவின் இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள்.

இந்த அளவுக்கு இங்கிலாந்தில் எத்தனையோ ஊரில் உண்டு. லாக்ஸ்டனைத் தேடி உலகம் முழுவதிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் வருவதற்குக் காரணம் அதன் வயல். பழைய இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இருந்த 'திறந்தவெளி வயல்' முறை, அதை நிர்வகிக்கும் ஊர் மன்றத்தோடு சேர்ந்து, இன்றும் நடப்பது இந்த ஊரில்தான்.

வேலி இல்லாத வயல்

திறந்தவெளி வயல் என்றால் என்ன? ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரில் மூன்று பெரிய வயல்கள். லாக்ஸ்டனில் அவற்றுக்கு மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று பெயர். உள்ளே வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீளமான பட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு விவசாயியின் பட்டைகள் ஒரே இடத்தில் இருக்காது. மேற்கு வயலில் இரண்டு, தெற்கு வயலில் மூன்று, மில் வயலில் இரண்டு என்று சிதறிக் கிடக்கும்.

"இது என்ன கூத்து? எல்லாத்தையும் ஒரே இடத்தில வாங்கிப் போட்டா வேலை சுலபமாச்சே?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. காரணம் இதுதான். ஒருவனுக்கே நல்ல மண் முழுக்கப் போய், இன்னொருவனுக்கு மேடும் ஓடைக்கரையும் மட்டும் வந்துவிடக் கூடாது. நல்லது கெட்டது எல்லோருக்கும் கலந்து வரவேண்டும். ஒரு பக்கம் வெள்ளத்தில் போனாலும் இன்னொரு பக்கம் கையில் நிற்கும்.

மூன்று வயலுக்கும் மூன்று வருஷச் சுழற்சி. ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் குளிர்காலக் கோதுமை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி போன்ற பயிர். மூன்றாவது வயலுக்கு ஓய்வு, அதாவது தரிசு. அடுத்த வருஷம் ஒரு படி நகரும். உரமூட்டை வராத காலத்தில் மண் செத்துப் போகாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது. இன்று தரிசு வயலில் புல்லோ தீவனமோ வளர்க்கிறார்கள். ஆனால் சுழற்சி நிற்கவில்லை.

வேலி இல்லாததால் ஒரு நிபந்தனை தானாக வந்துவிடும். அந்தக் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் எல்லாம் அந்த வயலில் இறங்கித் தாளை மேயும். அப்படியானால் எல்லோரும் ஒரே சமயத்தில் விதைத்து, ஒரே சமயத்தில் அறுத்தாக வேண்டும். "நான் மட்டும் வேற பயிர் வைக்கிறேன், ஒரு மாசம் கழிச்சு அறுக்கிறேன்" என்று யாரும் சொல்ல முடியாது. யாருடைய மாடாவது விதைத்த வயலில் புகுந்தால் பிடித்துப் பவுண்டில் அடைத்துவிடுவார்கள். அபராதம் கட்டித்தான் மீட்கவேண்டும். நம் ஊர்களிலும் மாட்டுப் பவுண்டு இருந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லாக்ஸ்டன் விடுதிக்குப் பக்கத்தில் அந்தப் பவுண்டு இன்னும் இருக்கிறது.

ஏக்கர் எப்படி வந்தது?

நம் ஆட்களுக்கு இனிப்பான பகுதி இது. பட்டை ஏன் சதுரமாக இல்லாமல் நீளமாக இருக்கிறது? லாக்ஸ்டன் மண் கனமான களிமண். அதைப் புரட்ட கனமான கலப்பை வேண்டும். அதை இழுக்கப் பல ஜோடி எருதுகள். அவ்வளவு நீளமான ஏரை ஒவ்வொரு முறை திருப்புவதும் பெரும்பாடு. எவ்வளவு குறைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு லாபம். அதனால் சால் நீளமாகப் போனது. 'நீள உழவுச்சால்' என்ற பொருளில் வந்த ஆங்கிலச் சொல்தான் ஃபர்லாங்! எட்டு ஃபர்லாங் ஒரு மைல் என்று மனப்பாடம் செய்தோமே, அது வயலில் பிறந்த அளவு.

ஒரு ஃபர்லாங் 660 அடி. அகலம் 66 அடி. இரண்டையும் பெருக்குங்கள்: 43,560 சதுர அடி. அதுதான் ஒரு ஏக்கர்! ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்று அதைச் சொல்வார்கள்.

எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1620-இல் இந்த 66 அடியையே ஒரு சங்கிலியாக்கி, அதை 100 கண்ணிகளாகப் பிரித்தார். ஒரு கண்ணி 7.92 அங்குலம். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பழைய அடிக்கணக்கையும் புதிய தசம முறையையும் ஒரே சங்கிலியில் கோத்துவிட்டார். இந்தக் கன்டர் சங்கிலிதான் பிறகு சென்னை மாகாணத்து நில அளவைக்கும் வந்தது. நம் பழைய புலப்படங்களில் அளவுகள் கண்ணிக் கணக்கில் இருப்பது இதனால்தான். வீட்டுமனை விளம்பரத்தில் வருகிற 'சென்ட்' ஏக்கரில் நூறில் ஒன்று, 435.6 சதுர அடி. ஆக, நம் அப்பாக்கள் மூன்று சென்டுக்குச் சண்டை போடும்போது, ஏதோ ஒரு ஆங்கிலேய விவசாயியின் எருதுகள் நடந்த தூரத்தை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள்!

உழவின் தடம் தரையிலும் இருக்கிறது. ஒரே பட்டையில் மண்ணை எப்போதும் நடுப்பக்கமே புரட்டியதால் நடு உயர்ந்து, ஓரம் பள்ளமாகிவிட்டது. களிமண் நிலத்தில் மழைத் தண்ணீர் வடிய அதுவே வாய்க்கால். பட்டைகளும் நேர்க்கோடாக இல்லாமல் 'எஸ்' எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல லேசாக வளைந்திருக்கும். நீண்ட ஏர் முனையில் திரும்ப, முன்கூட்டியே சாய்ந்து போகவேண்டியிருந்ததன் தடம் அது. பஸ் டிரைவர் வளைவில் வண்டியை எதிர்ப்பக்கம் ஒதுக்கித் திருப்புகிற மாதிரி!

1635-ஆம் வருஷத்து வரைபடம்

1635-இல் இந்த ஊரின் சொந்தக்காரர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் பெருவணிகர். அதே வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியப் பக்கம் வியாபாரம் செய்ய அரசரிடம் அனுமதி வாங்கியவர் என்றால் எவ்வளவு பெரிய கை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தான் வாங்கிய சொத்தில் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று தெரியவேண்டுமே! மார்க் பியர்ஸ் என்ற நில அளவரை வைத்து ஊர் முழுவதையும் அளந்தார்.

ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, எது யாருடையது என்று வரைபடமும் அதற்கு ஒரு பதிவேடும் தயாரானது. வரைபடத்தில் உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், மான் வேட்டை, காற்றாலை என்று சின்னச் சின்னப் படங்களும் உண்டு. நாம் டிராயிங் ஷீட்டில் ஒரு மரம் கூடுதலாக வரைந்தால் மார்க் போய்விடும். அவர் ஊரையே வரைந்து வைத்துவிட்டார்! இன்று அது ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. டோட்டல் ஸ்டேஷனும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்து வேலை அது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த வரைபடம் நிலச் சொந்தக்காரருக்காகப் போட்டது. வயலில் இறங்கி உழுகிறவன் காலையில் வரைபடத்தைப் பார்த்து ஏர் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு உழவிலும் அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று பக்கத்துப் புல்வழியைக் கடித்துக்கொண்டே போனால் பத்து வருஷத்தில் ஒரு அடி காணாமல் போகும். வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டில் பத்திரமாக இருக்கும், வயல் இருக்காது. அப்படியானால் வயலைக் காப்பாற்றியது எது?

ஜூரி நாள்

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் கடைசி வாக்கில் லாக்ஸ்டனில் 'ஜூரி நாள்' வரும். குளிர்காலக் கோதுமை விதைத்து முளை கிளம்பியிருக்கும் சமயம். பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, அதற்கு ஒரு தலைவர். எல்லோரும் அந்த ஊர் ஆட்கள்தான். வெளியூர் அதிகாரி யாரும் இல்லை. அந்த வருஷம் கோதுமை விதைத்த வயலுக்கு டிரெய்லரில் ஏறிக் கிளம்புவார்கள். கையில் மரமுளைகளும் சுத்தியலும்.

வயலில் இறங்கி ஒவ்வொரு பட்டையின் முனையாக நடப்பார்கள். பொது வண்டிப்பாதையும் பொதுப் புல்வெளியும் எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். நம் ரேஞ்சிங் ராட் மாதிரி கண்ணால் நேர்க்கோடு பார்த்து முளை அடிப்பார்கள். யாராவது பாதையைக் கொஞ்சம் உழுதிருந்தால், முளை அவன் விதைத்த கோதுமைக்கு உள்ளே நிற்கும். அங்கேயே அவன் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தத் தவறைச் செய்தவன் ஜூரியில் ஒருவனாகவே இருக்கலாம். பக்கத்தில் நின்று சுத்தியலையும் பிடித்துக்கொண்டிருக்கலாம்! அவனுக்கும் விலக்கு இல்லை.

பிறகு எல்லோரும் ஊருக்குத் திரும்பி விடுதியில் சாப்பிட்டபடியே யார் யார் மேல் என்ன குற்றம், எவ்வளவு அபராதம் என்று எழுதுவார்கள். ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் 'கோர்ட் லீட்' கூடும். பண்ணை உரிமையாளரின் பிரதிநிதியான ஸ்டூவர்ட் தலைமை வகிப்பார். நம் அமீனா மாதிரி ஒரு பெய்லிஃப் உண்டு. பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். வராதவனுக்குச் சில்லறை அபராதம். ஜூரியின் அறிக்கை படிக்கப்படும். அடுத்த வருஷ வயலுக்கான புது ஜூரி சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள்ளும்.

அபராதம் எவ்வளவு தெரியுமா? சில பவுண்டுகள்தான். ஒரு டிராக்டர் வைத்திருப்பவனுக்கு அது ஒரு காசே இல்லை. பிறகு ஏன் பயம்? ஊர் முன்னால் பெயர் வாசிக்கப்படுகிறதே, அதுதான் தண்டனை. "இந்த ஆள் பாதையை உழுதுட்டான்" என்று பக்கத்து நிலத்துக்காரனே எழுதிக் கொடுத்து, அதைத் தன் முன்னாலேயே படிப்பதைக் கேட்டபிறகு, அடுத்த வருஷம் கலப்பை தானாக ஒதுங்கிப் போகும்.

இது பழைய ஞாபகத்துக்காக நடத்தும் வேஷம் இல்லை. 1977-இல் இங்கிலாந்தில் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்று வந்து இதுபோன்ற பழைய ஊர் மன்றங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டது. லாக்ஸ்டன் கோர்ட் லீட்டுக்கு மட்டும் அதே சட்டத்தில் பெயர் சொல்லி விலக்குக் கொடுத்தார்கள். விலக்குப் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே விடுதியில் உட்கார்ந்து நடத்தினாலும் அது உண்மையான நீதிமன்றம்தான்.

இன்னொரு சுவையான விஷயம். உழ முடியாத சரிவுகளிலும் ஓடையோரத்திலும் புல் வளரும் பகுதிகளுக்கு 'சைக்' என்று பெயர். அவை யாருக்கும் தனிச் சொந்தம் போல ஆகாமல், அந்தப் புல் வருஷா வருஷம் ஏலம் போகும். பல நூறு வருஷமாக உழாமலே விட்டதால் அங்கே அரிய காட்டுப் பூக்கள் தங்கிவிட்டன. அவை இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. பூவைக் காப்பாற்றவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. வரப்பைக் காப்பாற்றினார்கள், பூவும் பிழைத்தது.

மற்ற ஊர்கள் என்ன ஆயின?

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் இதுதான் வழக்கம். பிறகு 'என்க்ளோஷர்', அதாவது அடைப்பு வந்தது. சிதறிய பட்டைகளையும் பொது மேய்ச்சலையும் ஒன்றாக்கி, வேலியிட்டுத் தனித்தனியாகப் பங்கு போட்டார்கள். 1604-இலிருந்து 1914 வரை இதற்காகப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5,200-க்கு மேல். 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அப்படி அடைபட்டது.

அடைப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தன் நிலத்தில் தனக்குப் பிடித்த பயிரை, தனக்குத் தோன்றிய நேரத்தில் வைக்க முடிந்தது. வடிகால், புதிய விதை, நல்ல கால்நடை இனம் எல்லாவற்றுக்கும் வழி பிறந்தது. ஆனால் சொந்த நிலமில்லாமல் பொதுவில் ஒரு பசுவும் நாலு வாத்தும் மேய்த்துப் பிழைத்தவனுக்கு வேலி மட்டும்தான் மிஞ்சியது. கூலி வேலைக்கோ தொழிற்சாலைக்கோ போனான். நாம் படிக்கும் தொழிற்புரட்சிக்கு ஆள் வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

வேலியோடு இன்னொரு வழக்கமும் தேய்ந்தது. இங்கிலாந்தில் பல ஊர்களில் ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்களில் பாதிரியாரும் ஊராரும் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடப்பார்கள். 'எல்லை அடித்தல்' என்று பெயர். எல்லைக் கற்களைக் குச்சியால் தட்டிக்கொண்டே போவார்கள். சின்னப் பையன்களையும் கூட்டிப் போய், சில ஊர்களில் அந்தக் கல்லின் மேலேயே மோதவும் விடுவார்களாம்! அறுபது வருஷம் கழித்துக் கேட்டாலும் "இங்கதான் என்னை மோதினாங்க" என்று சாட்சி சொல்வானே! வரைபடம் இல்லாத காலத்தில் பையனின் முதுகுதான் புலப்படம். சில ஊர்களில் இது இப்போதும் நடக்கிறது.

சரி, லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பித்தது? புனிதமான காரணம் ஒன்றும் இல்லை. நிலம் இரண்டு பெரிய பிரபுக் குடும்பங்களிடம் பிரிந்து கிடந்தது. அடைப்புக்கு இருவரும் ஒத்துப்போகவேண்டும், ஒத்துப்போகவில்லை. செலவும் அதிகம். இரண்டு பெரிய இடத்துச் சண்டையில் ஒரு வயல் பிழைத்தது! ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் பட்டைகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இன்று மிஞ்சிய திறந்த வயல் ஐந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

1938-இல் ஆர்வின் தம்பதியர் இந்த ஊரை வைத்துத் திறந்த வயல்களைப் பற்றி நூல் எழுதியபிறகு வெளியுலகம் விழித்துக்கொண்டது. 1952-இல் இந்த முறையைக் காப்பாற்றுவதற்காகவே அரசின் வேளாண் அமைச்சகம் ஊரை வாங்கியது. 1981-இல் அது அரசமரபுச் சொத்தான கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் முன்பு ஊரை ஆண்ட குடும்ப வழியின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குத் திரும்பியது. சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜூரி மட்டும் வருஷா வருஷம் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது.

சொர்க்கமா என்ன?

இல்லை. நிலம் எப்போதும் உழுதவனுக்குச் சொந்தமாக இருந்ததில்லை, பெரும்பாலோர் குத்தகைதாரர். நிலமில்லாதவன் குரலுக்கு ஜூரியில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? இன்றோ விவசாயம் செய்யும் குடும்பங்களே குறைந்துவிட்டன. சிதறிய பட்டைகளுக்குப் பெரிய இயந்திரத்தை ஓட்டிப் போவது செலவு. அடுத்த தலைமுறை வருமா என்பது அந்த ஊருக்கும் உள்ள கவலை.

ஆனாலும் ஒரு பாடம் நிற்கிறது. 1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டு எல்லோருமாகச் சேர்ந்து அழித்துவிடுவார்கள் என்று எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் பல நாட்டுப் பொதுக் காடு, மேய்ச்சல், பாசனம் எல்லாவற்றையும் ஆராய்ந்து, எப்போதும் அப்படி இல்லை என்று காட்டினார். எல்லை தெளிவாக இருக்கவேண்டும், பயன்படுத்துகிறவர்களே கண்காணிக்கவேண்டும், முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, மீண்டும் செய்தால் பெரியது. இப்படி இருந்தால் பொதுச் சொத்து பல தலைமுறை நிற்கும் என்றார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் சொன்ன அந்த மூன்றும் லாக்ஸ்டன் வயலில் முளைக்குச்சியாக நிற்கின்றன.

கடைசியாக...

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மறுபடியும் டேப். ஆனால் இந்த முறை நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "பெரியப்பா, நான் அளக்கல. நீங்க ஒரு முனையப் பிடிங்க, அப்பா ஒரு முனையப் பிடிக்கட்டும். கீழ வயக்காரர், மேல வயக்காரர் ரெண்டு பேரும் நின்னு பார்க்கட்டும். நான் எழுத மட்டும் செய்யறேன்" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

பழைய சர்வே கல்லிலிருந்து பிடித்தோம். நான்கு பேரும் பார்த்தார்கள். இந்த முறை ஒரு அடிதான் வந்தது. முதல் தடவை நான் அரை அடி தப்பாக அளந்திருக்கிறேன்! வரப்பில் டேப்பைத் தொய்வாக விட்டுவிட்டேன். பெரியப்பா அதைச் சொல்லிக் காட்டவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. கீழ வயக்காரர்தான், "நல்லா படிக்கிறான்யா உங்க புள்ள" என்று சிரித்தார். ஒரு கல்லை நட்டோம். அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் முகம் கொடுத்துப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் கல்லை இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடித்தார்கள்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் கையில் அளவுக்கருவியோடு யாருடைய நிலத்திலோ நிற்கப் போகிறோம். கருவி மில்லிமீட்டர் வரை சொல்லும். அதை நம்ப வைப்பது கருவி இல்லை. மறுமுனையை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான். டேப்பின் ஒரு முனையை எதிராளியிடம் கொடுங்கள்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை)